பின் சீட்டில் கிடந்தது

முகூர்த்த நாளில் காரைக்குடிக்குள் கார் ஓட்டுவது
தளும்பத் தளும்ப ரசவாளியைத் தூக்கிக்கொண்டு
பந்திக்குள் நுழைவது மாதிரி.
ஐந்து விளக்கை அடைத்து ஒரு மாப்பிள்ளை அழைப்பு.
பெரியார் சிலையருகே
திரும்பவும் முடியாமல் போகவும் முடியாமல் ஒரு மினிபஸ்.
செக்காலை ரோட்டில் வாழைத்தார் குவியல் ஒன்று
தானாக நகர்ந்து வந்தது.
அதற்குள் எக்ஸெல்லும் ஓர் ஆளும் இருந்தது
கடந்து போன பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு எனக்கு ஆறு சவாரி.
ஆறும் பத்திர ஆபீசுக்கு.
பங்காளிகள் ஆறு பேர் சேர்ந்து விற்கிற வீடு.
சேர்ந்து என்பது
பத்திரத்தில் மட்டும் இருந்தது.

லாட்ஜ் வாசலில் சாத்தப்பன் சார் ஏறினார்.
இறக்கிவிட்டு அதே லாட்ஜுக்குத் திரும்பினேன்.
அடுத்த அறை தேனப்பன் சார்.
"அண்ணன் இதுலயா போனாரு?"
கைக்குட்டையால் சீட்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பஸ் ஸ்டாண்டில் உண்ணாமலை ஆச்சி.
"அவுக எவ்வளவு குடுத்தாக?"
"நூற்றைம்பது ஆச்சி."
"நான் ஒல்லிதானே, நூறு வச்சுக்க."

நான்காவது ஆள் வயிரவன்.
ஏசி போடவா சார்? பதில் இல்லை.
கல்லுக்கட்டி வழியா போகவா? பதில் இல்லை.
காசுக்காரத் திமிர் என்று
கண்ணாடியில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன், மனசுக்குள்.

கோலாலம்பூர் மாணிக்கம் வழி நெடுக
வீட்டை ரிங்கிட்டில் பெருக்கி
ஆறால் வகுத்துக்கொண்டே வந்தார்.
மீதி வந்தது போல. மறுபடி வகுத்தார்.

கடைசியாக மெய்யம்மை மேடம், பெங்களூர்.
"கூகுள் லெஃப்ட்ல போகச் சொல்லுது."
"அங்க பந்தல் போட்டிருக்காங்க மேடம்.
கூகுளுக்குப் பத்திரிகை வைக்கல."

ஆறு பேரும் என்னிடம் பேசினார்கள் என்று சொல்ல முடியாது.
ஐந்து பேர் பேசினார்கள்,
மற்றவர்களைப் பற்றி.
டிரைவரின் பிடரிக்குக் காது கிடையாது என்பது
பயணிகளின் நம்பிக்கை.

மத்தியானம் பெட்ரோல் பங்கில்
கீச்சென்று ஒரு சத்தம்.
பெல்ட் போய்விட்டது என்று பானெட்டைத் திறந்தேன்.
பெல்ட் நன்றாக இருந்தது.
எஞ்சினை நிறுத்தியும் கத்தியது.
பின் சீட்டு இடுக்கில்,
கொண்டைக்கடலையை விடக் கொஞ்சம் பெரிதாக,
ஒரு காது மெஷின்.
உள்ளங்கையில் மூடினால் இன்னும் கத்துகிறது.

ஆறு நம்பரும் இருந்தது.
சாத்தப்பன் சார்: "எனக்கு எதுக்கு? தம்பியைக் கேளு."
தம்பி: "அண்ணனுக்குத்தான் வயசாச்சு."
ஆச்சி: "விலை என்ன இருக்கும்?"
மாணிக்கம் லைன் பிசி.
மேடம், "நோ நோ."
ஆறாவது நம்பரில்
"ஹலோ... யாரு... கேக்கல...
கேக்கலங்க... வைக்கிறேன்."

இதற்கு மேல் அடையாளம் எதற்கு?

வயிரவன் லாட்ஜ் வரவேற்பறையில்
பேப்பரை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.
நீட்டினேன். வாங்கினார்.
சட்டைப் பையில் போடப் போனவர்
என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காதில் வைத்தார்.
"தொலைக்கல தம்பி.
வண்டியில ஏறினதும் கழட்டிட்டேன்.
அந்த ரூமுக்குள்ள எனக்குத் தேவை
கையெழுத்துப் போடற இடம் மட்டும்தான்.
விரல வச்சுக் காட்டினாக, போட்டேன்."

கொஞ்ச நேரம் மின்விசிறியைக் கேட்டார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"ஏதாச்சும் சொன்னாகளா? என்னப் பத்தி?"

ஐந்து பேர் சொன்னதும் என் பிடரியில் இருந்தது.
"ரோடு மோசம்னாங்க சார்."
"மோசம்தான்" என்றார்.

இருநூறு ரூபாய் நீட்டினார். நூற்றைம்பது எடுத்துக்கொண்டேன்.
காலையில் எழுதி வைத்த அந்த வார்த்தைக்கு
ஐம்பது கழித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ரயிலுக்கு ஆறு சவாரி.
ஒரே ரயில்.
இப்போதே கிளம்பினால்தான்
ஐந்து விளக்கைத் தாண்ட முடியும்.